பழைய உயில்களும் குடும்பக் கொடிவழியும்

நம் கிராமங்களில் பழைய வீட்டைப் பிரித்துப் புது வீடு கட்டும்பொழுது, அட்டாலியிலிருந்தோ மரப்பெட்டியிலிருந்தோ ஒரு துணி மூட்டை கிடைப்பது வழக்கம். அதனுள் கிஸ்தி ரசீதுகள், முத்திரைத் தாளில் எழுதிய பத்திரங்கள், ஓரம் அரித்துப்போன கடிதங்கள் ஆகியவை இருக்கும். செல்லுபடியாகும் கிரயப் பத்திரங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் குப்பையோடு கொளுத்திவிடுவோர் உண்டு. அவ்வாறு நெருப்புக்கு இரையாகும் தாள்களில் மிகவும் மதிப்பு வாய்ந்தது, பாட்டனார் காலத்து உயில் ஆகும்.

"சொத்தெல்லாம் எப்பொழுதோ பாகமாகிவிட்டது, இனி அந்த உயிலால் என்ன பயன்?" என்று கேட்கலாம். சொத்தைப் பொறுத்தமட்டில் அக்கேள்வி சில வேளைகளில் சரியாகவும் இருக்கலாம். ஆனால், ஒரு குடும்பத்தில் யார் யாருக்குப் பிறந்தார், யார் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார், யார் எப்பொழுது காலமானார் என்பவற்றை, குடும்பத் தலைவரே தம் வாயால் சொல்லி எழுதி வைத்த சான்று உயிலைத் தவிர வேறு பெரும்பாலும் இருப்பதில்லை. வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், நில ஆர்ஜித ஈட்டுத்தொகை, கிணற்றுப் பங்குத் தகராறு என்று எது வந்தாலும், இறுதியில் எழும் கேள்வி குடும்பக் கொடிவழியைப் பற்றியதேயாகும். ஆகவே, பழைய உயிலைப் படித்து அறியும் முறையை விவசாயிகளும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் தெரிந்துகொள்வது நலம்.

உயிலின் வரலாறு

உயிலுக்கு மரண சாசனம் என்பது பழைய பெயர். எழுதியவர் இறந்த பின்னரே அது நடைமுறைக்கு வரும். உயிருடன் உள்ளவரை அவர் அதை மாற்றலாம், ரத்தும் செய்யலாம். ஒருவர் பல உயில்கள் எழுதியிருப்பின், கடைசியாக எழுதியதே செல்லும்.

சென்னையில் 1726-ம் ஆண்டுச் சாசனத்தின்படி ஏற்பட்ட மேயர் நீதிமன்றம் உயில்களை ஏற்றுப் பதிந்து வந்தது. தமிழகத்தில் பலரும் அறிந்த பழைய உயில், பச்சையப்ப முதலியார் 1794-ம் ஆண்டில் எழுதியதாகும். அவர் அறப்பணிகளுக்கென விட்டுச்சென்ற பொருள் நீண்ட வழக்குகளுக்குப் பின்னரே ஒழுங்குக்கு வந்து, 1842-ல் கல்விச்சாலையாக மலர்ந்தது. எழுதி வைத்த தாள் நிலைத்திருந்ததனால்தான், எழுதியவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்தும் அவருடைய எண்ணம் நிறைவேறியது.

கொங்கு நாட்டுக் கிராமங்களின் நிலை வேறு. சென்னை நகருக்கு வெளியே வாழ்ந்த இந்துக்கள் உயிலை எழுத்தில்தான் செய்ய வேண்டும் என்னும் கட்டாயம் நெடுங்காலம் இல்லை. வாய்மொழியாகச் சொல்லிச் சென்றாலும் செல்லும். 1927 ஜனவரி 1 முதல் செய்யப்படும் உயில்களுக்கே எழுத்தும், எழுதியவரின் கையொப்பமும், இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் இன்றியமையாதவை ஆயின. எனவே, அதற்கு முற்பட்ட தலைமுறையில் உயில் ஒன்றும் கிடைக்காவிடில், "முன்னோர் ஏதும் செய்யவில்லை" என்று முடிவு கட்டிவிடுதல் தவறு. சொல்லிச் சென்றதைப் பின்னர் எழுதப்பட்ட பாகப்பிரிவினைப் பத்திரங்களில் காணக்கூடும்.

மற்றொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வரும்வரை, கூட்டுக் குடும்பத்தில் பிரிவினையாகாத பிதிரார்ஜிதப் பங்கை ஒருவர் உயில் மூலம் கொடுத்துவிட முடியாது. ஆகவே, பழைய உயில்களில் காணப்படுவது பெரும்பாலும் சுயார்ஜிதச் சொத்தாகவே இருக்கும். பிதிரார்ஜித நிலத்தின் கதையை அறிய, உயிலோடு பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று மட்டும் கிடைத்தால் பாதிக் கதையே கிடைத்தது என்று கொள்ளலாம்.

உயிலை எங்கே தேடுவது?

முதலில் வீட்டிலும் பங்காளிகள் வீட்டிலும் தேட வேண்டும். அடுத்தாற்போல் சார்பதிவாளர் அலுவலகத்தை நாட வேண்டும். உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்னும் சட்டம் இல்லை. எனினும், பலர் பதிவு செய்து வைத்தனர்.

இங்கே நம்மவர் பலர் ஒரு பிழை செய்கின்றனர். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்து, அதில் உயில் காணப்படவில்லையாதலால் உயிலே இல்லை என்று எண்ணிவிடுகின்றனர். நிலத்தைப் பற்றிய கிரயம், அடமானம், பாகம் போன்ற பத்திரங்கள் பதிவு அலுவலகத்தின் 1-ம் புத்தகத்தில் ஏறுகின்றன. வில்லங்கச் சான்று அதிலிருந்து எடுக்கப்படுவது. உயில்களோ 3-ம் புத்தகத்தில் தனியே பதிவாகின்றன. ஆதலின், சர்வே எண்ணைச் சொல்லி உயிலைத் தேடுவதில் பயனில்லை. உயில் எழுதியவரின் பெயரைக் கொண்டே தேட வேண்டும். அவருடைய பெயர், தந்தை பெயர், ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்னும் நான்கும் தெரிந்தால் தேடுவது எளிதாகும்.

எழுதியவர் உயிருடன் இருக்கும்வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும் தவிர, வேறு எவருக்கும் 3-ம் புத்தகத்தின் நகல் கிடைக்காது. அவர் காலமான பின், இறப்புக்கான சான்றைக் காட்டி எவரும் விண்ணப்பித்து நகல் பெறலாம். சிலர் உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்தும் இருப்பர். அதற்கும் தனியே பதிவேடு உண்டு.

எந்த அலுவலகம் என்பதிலும் கவனம் வேண்டும். திருப்பூர் மாவட்டம் 2009-ல் ஏற்பட்டது. அதற்கு முன் திருப்பூர், பல்லடம், அவிநாசி, உடுமலைப்பேட்டை ஆகிய பகுதிகள் கோவை மாவட்டத்தில் இருந்தன. தாராபுரமும் காங்கயமும் 1979 வரை கோவையிலும், பின்னர் ஈரோட்டைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்திலும் இருந்தன. திருப்பூர் நகரமே ஒரு காலத்தில் பல்லடம் தாலுகாவைச் சேர்ந்ததுதான். ஆதலால், பழைய பத்திரத்தில் "கோயமுத்தூர் ஜில்லா, பல்லடம் தாலுகா" என்று கண்டால், அது வேறு ஊர் நிலம் என்று ஒதுக்கிவிடலாகாது. இன்றைய சார்பதிவகம் தோன்றுவதற்கு முன் நம் கிராமம் எந்தச் சார்பதிவகத்தைச் சேர்ந்திருந்தது என்று கேட்டறிந்து அங்கே தேட வேண்டும்.

நம் பகுதியில் எழுதப்பட்டு, இப்பகுதி நிலங்களையே பற்றிய இந்துக்களின் உயில்களுக்கு நீதிமன்றத்தில் புரோபேட் பெறும் கட்டாயம் இருந்ததில்லை. ஆகையால், நீதிமன்றப் பதிவுகளில் அவை அரிதாகவே கிடைக்கும். பதிவு அலுவலகமும் வீட்டுப் பெட்டியுமே நமக்குத் துணை.

உயிலைப் படிக்கும் முறை

ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக இதனை விளக்குவோம். பல்லடம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விவசாயி ஒருவர் சுக்கில வருஷம் சித்திரை மாதத்தில் உயில் எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். அதன் சாரம் வருமாறு: மூத்த தாரத்து மகன் காலமாகிவிட்டபடியால், அவனுடைய மைனர் மகனுக்கு மூன்றில் ஒரு பங்கு, மைனருக்குக் கார்டியனாக அவனுடைய தாய்மாமன், இளைய தாரத்து மக்கள் இருவருக்கும் தலைக்கு ஒரு பங்கு, இளைய தாரத்துக்கு அவள் ஆயுள்வரை ஜீவனாம்சமாகக் கிணற்றடித் தோட்டத்தின் வருமானம், காங்கயம் பக்கம் கட்டிக்கொடுத்த மகளுக்கு நகையும் ரொக்கமும், கிணற்றில் மூவரும் முறை வைத்து மூன்று நாளைக்கு ஒரு நாள் கவலை ஓட்டிக்கொள்ள வேண்டியது.

முதலில் ஆண்டைக் கணக்கிட வேண்டும். தமிழ் ஆண்டுகள் 60 ஆண்டுகளுக்கு ஒரு முறை திரும்பி வருபவை. சுக்கில வருஷம் 1869, 1929, 1989 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வந்திருக்கிறது. எதுவென்று முத்திரைத் தாளின் காலத்தைக் கொண்டும், பதிவு எண்ணைக் கொண்டும், உயிலில் சொல்லப்படும் ஆட்களைக் கொண்டும் முடிவு செய்யலாம். பசலி ஆண்டு குறிக்கப்பட்டிருந்தால் அதனோடு 590-ஐக் கூட்டினால், அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1320 என்பது 1910 ஜூலையில் தொடங்கி 1911 ஜூனில் முடிவது. நம் எடுத்துக்காட்டின் உயில் 1929-ம் ஆண்டினது என்று கொள்வோம்.

இனி, அந்த ஒரு தாளிலிருந்து அறிவன எத்தனை என்று பார்ப்போம்:

1. பாட்டனாருக்குத் தாரம் இருவர். எந்த மகன் எந்தத் தாயின் வயிற்றில் பிறந்தவன் என்பதும் தெளிவாகிறது.

2. மூத்த மகன் 1929-க்கு முன்னரே காலமானான். அவனுடைய மகன் அப்பொழுது 18 வயது நிரம்பாதவன். ஆகவே, 1911-க்குப் பின் பிறந்தவனாக இருத்தல் வேண்டும்.

3. மைனரின் தாய்மாமன் பெயரும் ஊரும் வருவதால், மருமகள் பிறந்த வீடு எது என்பது தெரிகிறது. பெண்வழி உறவைப் பழைய தாள்களில் கண்டுபிடிப்பது மிகக் கடினம். அதற்கு இது நல்லதொரு வழி.

4. மகள் ஒருத்தி இருந்தாள் என்பதும், அவள் வாழ்க்கைப்பட்ட ஊரும் தெரிகின்றன. வேறு எந்த நிலப் பத்திரத்திலும் அவள் பெயர் வந்திராது.

5. செக்குபந்தியில் "கிழக்கில் என் பங்காளி இன்னார் பூமி" என்று இருப்பின், பாட்டனாரின் உடன்பிறந்தார் வழியும் புலப்படுகிறது.

6. சாட்சிக் கையொப்பம் இட்டவர்கள் அக்கம்பக்கத்தாராகவோ உறவினராகவோ இருப்பர். அவர்கள் வீட்டாரிடம் விசாரித்தால் மேலும் செய்தி கிடைக்கும்.

உயிலின் தேதியை இறந்த தேதியாகக் கொள்ளக்கூடாது. எழுதிய பின் 20 ஆண்டுகள் வாழ்ந்தோரும் உண்டு. எழுதிய நாளில் அவர் உயிருடன் இருந்தார் என்பதையே உயில் காட்டும். பங்குகள் பழைய பின்னக் கணக்கில் இருப்பதுண்டு. அரைக்கால் என்பது எட்டில் ஒன்று. வீசம் என்பது பதினாறில் ஒன்று. கிணற்றுப் பங்கைப் படிக்கும்பொழுது இவை மிகவும் உதவும்.

பெயர்களிலும் எச்சரிக்கை வேண்டும். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். அதனால் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் மீண்டும் மீண்டும் வரும். தந்தை பெயரையும் ஆண்டையும் ஒத்துப் பாராமல் பெயரை மட்டும் நம்பினால், பாட்டனையும் பேரனையும் ஒருவராகவே கருதிவிட நேரும்.

உயில் சொல்லாதவை

உயிலில் ஒருவர் பெயர் இல்லையெனில், அவர் குடும்பத்தில் பிறக்கவே இல்லை என்று பொருளன்று. முன்னரே பாகம் பிரிந்து சென்றவர்களும், சீர் செய்து அனுப்பப்பட்ட பெண்மக்களும், மனத்தாங்கலால் ஒதுக்கப்பட்டவர்களும் உயிலில் இடம் பெறாமல் போகலாம். குறிப்பாக, பெண்மக்களின் பெயர்கள் விடுபட்டிருப்பது மிகுதி.

பெண்மக்களை விட்டுவிட்டு வரையும் கொடிவழி இன்று செல்லாது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்று திருமணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை வழங்கப்பட்டது. 2005-ம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் அதை எல்லா மகள்களுக்கும் விரிவாக்கியது. 2005-ல் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக நடந்து முடிந்த பாகப்பிரிவினைகளை இத்திருத்தம் பாதிக்காது. ஆகவே, பழைய பாகப் பத்திரத்தின் தேதியும், மகள்களின் பெயர்களும் இரண்டுமே முக்கியமானவை.

பங்காளி என்னும் சொல்லுக்கு இப்பகுதியில் நல்லதொரு முன்மாதிரி உண்டு. பீளமேட்டில் பி. எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் புதல்வர் நால்வரும் 1926-ல் குடும்பச் சொத்தைப் பிரித்தபொழுது, தர்மத்தையும் ஒரு பங்காளியாகக் கொண்டு ஐந்தாவது பங்கை ஒதுக்கினர். பி. எஸ். ஜி. கல்வி நிலையங்கள் அதிலிருந்தே தோன்றின. தர்மத்துக்கே பங்கு வைத்த நாட்டில், உடன்பிறந்த பெண்ணின் பெயரைக் கொடிவழியில் எழுதத் தயங்குவது முறையாகுமா?

பிற சான்றுகளோடு ஒத்துப் பார்த்தல்

தனியொரு உயிலைக் கொண்டு முடிவு செய்வதைக் காட்டிலும், பல சான்றுகளை அருகருகே வைத்துப் பார்ப்பதே சிறந்தது. பிறப்பு இறப்புப் பதிவேடுகள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, அ-பதிவேடு, பழைய கிஸ்தி ரசீது, குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரிக் கணக்கு, கருமாதிப் பத்திரிகை, திருமண மொய் நோட்டு ஆகிய அனைத்தும் உதவும். இனாம் நிலம் பெற்றிருந்த குடும்பங்களுக்கு, 1858-ல் ஏற்பட்ட இனாம் கமிஷனின் பதிவேடுகள் பெரிய துணையாகும். அவற்றில் அன்றைய இனாம்தாரரின் பெயரும் உறவு முறையும் குறிக்கப்பட்டிருக்கும். இத்தகைய பழம் பதிவேடுகள் பல சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

உயில் எழுதும் அளவுக்குச் சொத்தில்லாத குடும்பங்களும் நம் கிராமங்களில் ஏராளம். உயில் இல்லாததால் அவர்களுக்கு வரலாறு இல்லையென்று ஆகிவிடாது. வீட்டுமனைப் பட்டா, பஞ்சமி நில ஆவணம், பள்ளிச் சான்று, குடும்ப அட்டை ஆகியவையே அவர்களுடைய உயில்களாகும். அவற்றைப் பேணுவதில் பஞ்சாயத்து உறுப்பினர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டும்.

மேற்சொன்ன எடுத்துக்காட்டையே தொடர்வோம். 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவுகள் புதுப்பிக்கப்பட்டபொழுது, ஊரில் இருந்த இளைய தாரத்து வழியினர் பெயரில் மட்டும் பட்டா ஏறிவிட்டது. மூத்த தாரத்துப் பேரனின் மக்கள் பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூர் சென்று அங்கேயே தங்கிவிட்டனர். இன்று சாலைக்காக நிலம் எடுக்கப்படுகிறது. ஈட்டுத்தொகை யாருக்கு என்னும் கேள்வி எழுகிறது. பட்டாவை மட்டும் பார்த்தால் இரண்டு வழியினரே தெரிவர். உயிலை எடுத்துப் பார்த்தால் மூன்றாவது வழியும் தெரியும். பட்டா வரி செலுத்துவதற்கான பதிவேயன்றி, அதுவே உரிமை மூலம் ஆகாது.

அதனாலேயே திருப்பூர் வழியினருக்குப் பங்கு உறுதி என்று சொல்லிவிடவும் முடியாது. இடையில் விற்றிருக்கலாம், விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கலாம், நெடுங்கால அனுபவம் பற்றிய வாதமும் எழலாம். உண்மை எதுவாயினும், அதைத் தேடத் தொடங்கும் இடம் அந்த 1929-ம் ஆண்டு உயிலேயாகும்.

சட்டத்தின் பார்வையில்

தகராறு தோன்றுவதற்கு முன், காலஞ்சென்றவர்கள் குடும்ப உயிலிலோ, குடும்பக் கொடிவழிப் பட்டியலிலோ, கல்லறையிலோ உறவைப் பற்றிக் குறித்து வைத்தவற்றை நீதிமன்றம் சான்றாகப் பரிசீலிக்கலாம் என்று 1872-ம் ஆண்டின் சாட்சியச் சட்டம் வகுத்தது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சியச் சட்டமும் இதையே தொடர்கிறது. "தகராறு தோன்றுவதற்கு முன்" என்னும் சொற்களைக் கவனிக்க வேண்டும். வழக்கு வந்த பின் எழுதும் கொடிவழிக்கு அந்த மதிப்பு இல்லை.

ஆனால், உயிலின் மூலம் சொத்துரிமை கோருவது வேறு. 30 ஆண்டு கடந்த பத்திரங்களைப் பொதுவாக மெய்யென்று அனுமானிக்கும் விதி உயிலுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2023-லும் வலியுறுத்தியுள்ளது. உயிலைச் சட்டப்படி மெய்ப்பித்தே ஆக வேண்டும். ஆகவே, உறவை அறிய உயிலைத் தாமே படிக்கலாம். உரிமை கோர வேண்டுமானால் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள வேண்டும். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் முதலானோருக்கு வட்டச் சட்டப் பணிகள் குழுவில் இலவச உதவி கிடைக்கும்.

பேணும் முறை

பழைய தாளைப் பிளாஸ்டிக்கில் லாமினேஷன் செய்யக்கூடாது; கிழிந்த இடத்தில் ஒட்டு நாடாவும் ஒட்டக்கூடாது. நாளடைவில் இரண்டும் தாளைக் கெடுத்துவிடும். தாளை மடிப்பு நீக்கி, சாயமில்லாத தூய பருத்தித் துணியில் சுற்றி, ஈரமும் கரையானும் அணுகாத பெட்டியில் வைக்க வேண்டும். பனியன் துணிக்குப் பெயர்பெற்ற இப்பகுதியில் வெள்ளைப் பருத்தித் துணிக்குப் பஞ்சமில்லை. பெட்டியில் வசம்புத் துண்டுகள் இடுவது நம் முன்னோர் வழக்கம். கைத்தொலைபேசியில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, குடும்பத்தில் குறைந்தது மூவரிடம் வைத்திருப்பது நல்லது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யக்கூடியவை

யார் வாரிசு என்று தீர்ப்புக் கூறுவது பஞ்சாயத்தின் வேலையன்று. வாரிசுச் சான்று வழங்குபவர் வட்டாட்சியர். உரிமையைத் தீர்மானிப்பது நீதிமன்றம். எனினும், பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத்தக்க நற்பணிகள் பல உள்ளன. வீடு இடிக்கும் குடும்பத்தாரிடம் பழைய தாள்களைக் கொளுத்த வேண்டாமென்று சொல்லலாம். வில்லங்கச் சான்றில் உயில் வராது என்பதைக் கிராம சபையில் விளக்கலாம். பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த முதியவர்களையும் ஆர்வமுள்ள இளைஞர்களையும் ஓரிடத்தில் சேர்த்து வைக்கலாம். பழைய கணக்குப்பிள்ளைகளின் பரம்பரைப் பதவி 1980-ல் நீக்கப்பட்டது. அவர்கள் காலத்தில் வாய்மொழியாக நின்ற செய்திகளை நினைவில் வைத்திருப்போர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர்.

ஆகையால், ஒவ்வொரு குடும்பமும் இந்த ஆண்டிலேயே ஒரு நாள் பங்காளிகளையும், வாழ்க்கைப்பட்டுப் போன பெண்மக்களையும் அழைத்து ஒன்றாக அமர வேண்டும். பழைய உயிலையும் பாகப் பத்திரத்தையும் நடுவில் வைத்து, ஆண்பெண் அனைவர் பெயரும் அடங்கிய கொடிவழியை எழுதி, தேதியிட்டு, மூத்தோரிடம் கையொப்பம் பெற வேண்டும். சண்டை வந்த பின் உயிலைத் தேடுகிற வீடு நீதிமன்றத்தில் போய் நிற்கும். உறவு நன்றாக இருக்கும்பொழுதே அதை எடுத்துப் படிக்கிற வீட்டில், கிணற்று முறையும் நிற்கும்; உடன்பிறப்பும் நிற்கும்.